கதவு வேலை முடியும் வரை

அந்த வீட்டில் அவள் எல்லோருக்கும் அத்தை. பால் கொண்டுவருகிறவர்கூட அத்தை என்றுதான் கூப்பிடுவார். கூடப் பிறந்தவர்கள் இரண்டு தம்பிகள். மூத்த தம்பியின் மனைவி இரண்டு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுக் கண்ணை மூடியபோது, கொஞ்ச நாள் பார்த்துக்கொள் என்று இவளைக் கூட்டி வந்தார்கள். அந்தக் கொஞ்ச நாள் இருபத்தேழு வருஷம் ஓடிவிட்டது. போன வருஷம் அந்தத் தம்பியும் போய்ச் சேர்ந்தான். பிள்ளைக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

இப்போது பிள்ளையின் மாமியார் இடுப்பெலும்பு முறிந்து, இனி இங்கேதான் இருக்கப் போகிறாள். இருப்பதோ இரண்டே அறை. அத்தை சின்னத் தம்பி வீட்டுக்குப் போவது என்று முடிவாயிற்று. யார் முடிவு செய்தது என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது.

"சமையலறைக் கதவு வேலை முடிஞ்சதும் போகலாம் அத்தை. அவசரம் ஒண்ணுமில்ல" என்றான் பிள்ளை. அவள் தலையாட்டினாள்.

பதினான்கு அலமாரிக் கதவுகள். ஒவ்வொன்றிலும் வில் போல வளைந்த பள்ளக்கோடு. மருமகளுக்கு அந்தக் கோடுகளைக் கண்டாலே ஆகாது. "இதுக்குள்ள இருக்கிற எண்ணெய வழிச்சா ஒரு வாரம் சமைக்கலாம் அத்தை" என்பாள். பள்ளத்தை அடைத்து வெள்ளை அடித்துவிட்டால் புதுக்கதவு மாதிரி ஆகிவிடும் என்று அவள்தான் சொன்னாள்.

பெயிண்டர் வந்து பார்த்தார். அவருக்கு வேறு வேலைகள் தலைக்கு மேல் இருந்தன. "நீங்களே அடைச்சு, தேச்சு வைங்க அக்கா. நான் வந்து பெயிண்ட் அடிச்சுத் தரேன். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. பள்ளத்துல அடைக்கிற பட்டி காஞ்சா உள்வாங்கும். அதனால கொஞ்சம் மேடா வச்சு, காஞ்சப்புறம் தேய்க்கணும். மட்டமா வழிச்சு விட்டீங்கன்னா, பழைய கோடு திரும்ப எட்டிப் பாக்கும். அப்புறம் மறுபடியும் முதல்லேருந்து."

"மட்டமா விட்டா எத்தன நாள் இழுக்கும்?"

"என் மச்சான் ஒருத்தன் அப்படித்தான் விட்டான். ரெண்டு வருஷமா அந்த வீட்டம்மா கண்ணுல படாம சுத்திட்டிருக்கான்."

அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை.

பிள்ளையும் மருமகளும் வேலைக்குப் போனதும் கதவுகளைக் கழற்றிப் படுக்கப் போட்டாள். சோடா உப்புத் தண்ணீரால் பிசுக்கு போகத் தேய்த்துக் காயவைத்தாள். முதல் கதவில் பட்டியைத் தகட்டால் மட்டமாக வழித்தாள். இப்படியே பதினான்கையும் விட்டால் இன்னும் பத்து நாள், பதினைந்து நாள் இருக்கலாம். அந்தக் கணக்கை மனசு போட்டது. தகடு பிடித்த கை அது பாட்டுக்கு இன்னொரு பிடி பட்டியை எடுத்து மேடாக வைத்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், யாரோ செய்வதைப் பார்ப்பது போல.

காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். வெள்ளைத்தூள் முடியிலும் இமையிலும் படிந்தது.

"சாப்பிட்டீங்களா அத்தை?" என்று சாயங்காலம் மருமகள் கேட்டாள்.

"சாப்பிட்டேன்னுதான் நினைக்கிறேன்மா."

ஆறாம் நாள் பெயிண்டர் வந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "என்ன அக்கா, என் பொழப்புல மண்ணப் போட்டுடுவீங்க போலிருக்கே" என்றார். மறுநாளே அடித்துக் கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் பிள்ளை சமையலறை வாசலில் வந்து நின்றான். கதவுகளைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"அத்தை, நீங்க ஒரு வார்த்தை சொன்னா... ஹால்ல ஒரு கட்டில் போட்டுக்கலாம்."

இதுதான் சொல்ல வேண்டிய நேரம் என்று அவளுக்குத் தெரிந்தது. உள்ளே தேடிப் பார்த்தாள். மரத்துப்போன காலைத் தொட்டுப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

"ஹால்ல கட்டில் போட்டா வாசக்கதவு முழுசா திறக்காதுடா. அந்தம்மாவோட சக்கர நாற்காலி நுழையாது."

"அளந்து பாத்தீங்களா?"

"ம். ரெண்டு தடவ."

அவன் சித்தப்பாவுக்குப் போன் போட வெளியே போனான்.