பதினாறு பக்க மாமியார்

என் கணவர் ஆலையில் பார்த்துக்கொண்டிருந்த குமாஸ்தா வேலையை விட்டுவிட்டுப் பதிப்பகம் தொடங்கியபோது, சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. மைசூரில் இருந்துகொண்டு தமிழ் நாவல் போடப்போகிறேன் என்றார். இங்கே யார் வாங்குவார்கள் என்று கேட்டேன். "நல்லா இருந்தா வாங்குவாங்க" என்றார். அவருக்குப் பதில் எப்போதும் சுலபமாக வரும். பிறகு வரும் வேலைதான் என் தலையில் விழும்.

நாவல் என்னவோ நல்ல நாவல்தான். எழுதியவர் எங்கள் தெரு ஐயங்கார் வீட்டு மருமகள். மத்தியானம் மாமியார் கண்ணயரும் நேரத்தில் எழுதுவார். அச்சகத்தில்தான் தகராறு. அது கன்னட அச்சகம். தமிழ் அச்செழுத்து கொஞ்சம்தான் வைத்திருந்தார்கள். பதினாறு பக்கம் கோத்தால் பெட்டி காலி. அதை அச்சடித்து, எழுத்துகளைப் பிரித்துப் போட்ட பிறகுதான் அடுத்த பதினாறு. சேர்த்துச் செய்யக் கூடாதா என்று கேட்டதற்கு, "ஆகோதில்ல ஸ்வாமி" என்று கைவிரித்துவிட்டார் முதலாளி.

முதல் பதினாறு பக்கம் அச்சாகி எங்கள் கூடத்தை அடைத்துக்கொண்டது. அதில் புது மருமகள் ரசத்தில் உப்புப் போட மறக்கிறாள். மாமியார் அதை வாய் கூசாமல் புகழ்ந்து விருந்தாளிகளைக் குடிக்க வைக்கிறாள். பிறகு இருவரும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். எழுதிய மருமகள் வீட்டில் வாசித்துக் காட்ட, நிஜ மாமியார் அது தானேதான் என்று கண்டுகொண்டு பூரித்துப்போனார்.

அடுத்த பதினாறு பக்கத்துக்கு ப்ரூஃப் வந்தது. தொடக்கத்திலேயே மாமியார் காய்ச்சலில் போய்விடுகிறாள்.

"நான் உனக்கு என்னடி கெடுதல் பண்ணினேன், இப்படி அனாயாசமா கொன்னுட்டே? இனிமே இந்த ஆத்துல நீ பேனாவைத் தொடப்படாது" என்றாராம் நிஜ மாமியார்.

மருமகள் அழுத கண்ணோடு எங்களிடம் வந்தார். "மாமியார் சாகலேன்னா கதையே நகராது அக்கா. செத்தா, நான் எழுதவே முடியாது."

என் கணவர் போய்ப் பேசிப் பார்த்தார். நல்ல காப்பி கிடைத்தது, அனுமதி கிடைக்கவில்லை. திரும்பி வந்து, ஆலையில் மறுபடி எடுத்துக்கொள்வார்களா என்று விசாரிக்கப்போவதாகச் சொன்னார். அவரை ஆயிரம் கேலி செய்வேன். ஆனால் அவர் முகம் தொங்கி அந்த வேலைக்குத் திரும்புவதைப் பார்க்க எனக்கு மனசில்லை.

மறுநாள் கூடத்தைப் பெருக்க அந்தக் காகித அடுக்கு இடைஞ்சலாக இருந்தது. எரிச்சலில் ஒன்றை உருவிப் படித்தேன். சிரிப்பில் முடிந்திருந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

"இதையே தைச்சு அட்டை போட்டுட்டா என்ன?" என்றேன்.

"பதினாறு பக்கத்துக்குப் பேர் புத்தகமா?" என்று முகத்தைச் சுளித்தார். சுளித்தபடியே அச்சகத்துக்குக் கிளம்பினார்.

மைசூரில் சாமராஜநகர் ரயிலில் ஏறினால் நஞ்சன்கூடு வருவதற்குள் அந்தப் புத்தகத்தைப் படித்துவிடலாம். ரயில் நிலையக் கடையில் நன்றாகப் போயிற்று. கொள்ளேகால் வியாபாரிகள் வீட்டுப் பெண்களுக்கென்று வாங்கிப் போனார்கள். எல்லோரையும்விட அதிகமாக விற்றவர் அந்த மாமியார்தான். மேல்கோட்டை உற்சவத்துக்கு ஒரு கட்டைக் கொண்டு போய், "இதுல வர்றது நான்தான்" என்று உறவுக்காரர்கள் தலையில் கட்டிவிடுவார். மருமகளுக்குப் பேனா திரும்பக் கிடைத்தது. அவரைப் பார்த்து மற்ற பெண்களும் கதை கொண்டுவர ஆரம்பித்தார்கள். பெண்கள் எழுதிய பதினாறு பக்க வீட்டுக் கதை என்றால் எங்கள் பதிப்பகம் என்று ஆகிவிட்டது.

சில வருஷம் கழித்து அந்த மாமியார் காலமானார். நான் வாய்விட்டு அழுதேன். அதற்குள் அச்சகத்தில் தமிழ் எழுத்து தாராளமாக வந்துவிட்டிருந்தது. காரியங்கள் முடிந்து கொஞ்ச நாள் போனதும் என் கணவர் அந்த மருமகளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அந்த நாவலை இப்ப முழுசாப் போடலாமாம்மா?"

"வேண்டாம்ண்ணா. அவர் இருந்தவரைக்கும் கதையில சாகடிக்க முடிஞ்சுது. இப்ப கை வரலை."

பையிலிருந்து வேறொரு கதையை எடுத்துக் கொடுத்தார். நாங்கள் அங்கேயே நின்று படித்துவிட்டுச் சிரித்தோம். அதில் மாமியார் மடிசாரோடு சைக்கிள் கற்றுக்கொள்கிறாள்.