செபமாலைப் பைக்குள் இருந்தது

போன வருடம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கிய வாரம். புத்தூரில் ஒரு மருத்துவமனை வார்டில் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். கையில் மருந்து ஏறுகிறது, ஆனால் காய்ச்சல் இறங்கவில்லை. சளியைச் சோதித்தார்கள், இரத்தத்தைச் சோதித்தார்கள். எதிலும் ஒன்றும் சிக்கவில்லை. ஸ்கேனில் மட்டும் இரண்டு நுரையீரலும் வெள்ளையடித்த மாதிரி இருந்தது. இந்த மனுஷனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவேனா என்றே எனக்குத் தெரியவில்லை.

என் பெயர் பிலோமினா. ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அவருக்கு மெயின் கார்டு கேட் பக்கம் எலக்ட்ரிக் சாமான் கடை. எங்கள் பங்குக் குடும்பங்கள் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டத்தில் நான் ஏற்கெனவே ஒரு முறை சாட்சி சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் நினைவு வைத்திருப்பீர்கள். அது பாதிச் சாட்சி. மீதியைச் சொல்லத்தான் இப்போது எழுதுகிறேன்.

அந்தப் பாதி இதுதான். அதே வருடம் ஈஸ்டர் பாஸ்கா முடிந்த சில நாட்களில் எங்கள் மகள் ஜெனிக்குப் பிரசவ வலி. இரத்த அழுத்தம் ஏறி, தாயா பிள்ளையா என்கிற நிலைமை. இளமைக் காலத்திலிருந்து சிகரெட் பிடித்த மனுஷன், ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே முழந்தாளிட்டார். "மாதாவே, ரெண்டு பேரையும் பத்திரமாக் குடுத்துரு. இனிமே சிகரெட்டத் தொடமாட்டேன்" என்று பொருத்தனை வைத்துவிட்டு, பாக்கெட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டார். ஜெனி பிழைத்தாள். பேத்தி பிறந்தாள். நான் கெஞ்சியும் சண்டை போட்டும் நடக்காததை மாதா நடத்திவிட்டாள் என்று அன்பியத்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் சிகரெட்டைத் தொடவில்லை என்பது நிஜம்தான். சட்டையில் அந்த நாற்றம் போய், மாம்பழ வாசம் வந்தது. கேட்டால் வாய்க்குப் போடுகிற மிட்டாய் என்பார். இருமல் மட்டும் விடவில்லை. பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஸ்ரீரங்கத்தில் ஜெனியின் ஃப்ளாட்டுக்குப் போனால், பேத்தியைத் தூக்கி இரண்டு நடை நடந்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். கடைசியில் காய்ச்சலும் சேர்ந்துகொள்ள, ஆட்டோவில் வைத்துக் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

சேர்த்த அன்றே டாக்டரம்மா கேட்டார், "சிகரெட் பழக்கம் உண்டுங்களா?" அவர் இல்லை என்று தலையாட்டினார். நான் சும்மா இருப்பேனா? "பொருத்தனை வெச்சு விட்டுட்டாருங்க டாக்டர். ஒண்ணு கூடத் தொட்டதில்ல" என்று பெருமையாகச் சொன்னேன். வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். நோயின் அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு நாளும் மோசமானது. "நாளைக்கும் இப்படியே இருந்தா ஐசியூவுக்கு மாத்தணும்மா. எதனாலன்னு பிடிபட மாட்டேங்குது" என்று டாக்டரம்மா சொன்ன காலையில், குளித்துவிட்டு வர வீட்டுக்கு வந்தேன். மாதா படத்துக்கு முன் நின்றேன். செபம் வாயில் வரவில்லை. "அம்மா, எங்க கண்ணுக்குத் தெரியாதது எதுவோ இருக்கு. அதக் காட்டிக் குடு" என்று மட்டும் சொன்னேன். அழக்கூட நேரமில்லை.

அவரைச் சேர்த்த அன்று போட்டிருந்த சட்டை துவைக்காமல் கிடந்தது. சட்டைப் பையில் அவருடைய செபமாலைப் பை. எங்கே போனாலும் அதில்லாமல் போகமாட்டார். செபமாலையையாவது அவர் கையில் கொடுப்போம் என்று ஜிப்பைத் திறந்தேன். மணிகளுக்கு நடுவே பேனா மூடி மாதிரி வழுவழுப்பாக ஒன்று இருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். மாம்பழ வாசம்.

கல்லூரிப் பையன்களிடம் பிடுங்கி வைத்ததை எங்கள் அலுவலக மேசையில் பார்த்திருக்கிறேன். வேப், பேட்டரியில் ஓடுகிற சிகரெட். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மாதாவின் மாலையோடு வைப்பதற்கு வேறு பொருள் கிடைக்கவில்லையா இவருக்கு? அந்தக் கோபத்தோடே ஆட்டோ பிடித்தேன்.

பையைக் கட்டிலில் வைத்து, "என்னங்க இது?" என்றேன். மாஸ்க்கை விலக்கி, சொல் சொல்லாகப் பேசினார். கடைக்கு வந்த ஒருத்தன், இது வெறும் ஆவி, புகையே இல்லை என்று விற்றிருக்கிறான். சிகரெட்டைத் தொடாமல் இருக்க இது உதவும் என்று ஆரம்பித்திருக்கிறார். பிறகு சிகரெட்டை விட அதிகமாக இதை இழுத்திருக்கிறார். "டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா பொருத்தனை ஒடஞ்சதா ஆயிடும், பிலோ. பாப்பாவுக்கு எதாவது ஆயிடுச்சுன்னா? நான் போனாலும் பரவாயில்ல."

என் கோபம் இருந்த இடம் தெரியாமல் போனது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அதே பயம் வந்தது. டாக்டரைக் கூப்பிட எழுந்த கால் நின்றுவிட்டது. பேத்தி முகம்தான் கண்முன் வந்தது. சட்டென்று ஜெனிக்குப் போன் போட்டேன்.

"பாப்பா எப்படிடி இருக்கா?"

"நல்லா இருக்காம்மா. கூழ் ஊட்டினா மூஞ்சில துப்புறா. ஏம்மா, அப்பாவுக்கு என்னாச்சு?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, போனை அவர் காதில் வைத்தேன். குழந்தை அங்கே கத்திக்கொண்டிருந்தாள். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவரிடம் சொன்னேன். "மாதா குடுத்துட்டுப் புடுங்கிக்கிறவ இல்லீங்க. நீங்க ஏமாத்துனது அவளுக்குத் தெரியாமயா இத்தன மாசம் புள்ள சிரிச்சிக்கிட்டு இருக்கா?" டாக்டரைக் கூப்பிடச் சொல்லி அவர் வாசலைக் காட்டினார். ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கூட்டி வந்தேன்.

எல்லாம் கேட்டும் டாக்டரம்மா திட்டவில்லை. "இத முதல்லயே சொல்லியிருக்கணும்யா" என்றார். "சில நாட்டுல சிகரெட்ட நிறுத்தறதுக்கு இதக் குடுக்கறாங்கதான், டாக்டர் பார்வையில. இங்க விக்கறதே தடை. திருட்டுத்தனமா வாங்குனதுல என்ன கலந்திருக்குன்னு யாருக்குத் தெரியும்? நுரையீரல் இப்படி ஆனது அதனாலயாத்தான் இருக்கும். நீங்க சிகரெட்டத்தான் விட்டீங்க, நிக்கோட்டின விடல." மருந்தை அன்றே மாற்றினார். ஐசியூவுக்குப் போகவே இல்லை. மெல்ல மெல்லக் காய்ச்சல் இறங்கியது. கிறிஸ்துமஸ் திருப்பலிக்குக் கோவிலின் கடைசி பெஞ்சில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் பூசை பார்த்ததை விட அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்ததுதான் அதிகம்.

சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனமும் செய்தார். இப்போது அந்தப் பையில் செபமாலையோடு டாக்டரம்மா எழுதிக் கொடுத்த நிக்கோட்டின் சூயிங் கம் இருக்கிறது. அதையும் குறைத்துக்கொண்டு வருகிறார். ஆலோசனைக்கு நானும் கூடப் போகிறேன். ஆசை வரும்போது என்னிடம் சொல்லிவிடுகிறார். சொல்கிற நாளெல்லாம் எனக்குப் பயம்தான். சொல்லாத நாளில் இன்னும் பயம்.

என்னைப் போல மருத்துவமனை வராந்தாவில் நிற்கிறவர்களுக்குச் சொல்கிறேன். செபியுங்கள், கட்டாயம் கேட்கப்படும். டாக்டர் கேட்டால் மறைக்காதீர்கள். பொருத்தனை தவறிவிட்டது என்று ஆண்டவருக்குப் பயந்து ஒளியாதீர்கள். அவரிடமே போய்ச் சொல்லுங்கள்.

போன வாரம் பேத்திக்கு முதல் பிறந்தநாள். தாத்தாதான் பலூன் ஊதுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். பாதி ஊதியதும் மூச்சு வாங்கியது. காற்று போகாமல் விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னிடம் நீட்டினார். மீதியை நான் ஊதினேன்.