செல்லியின் இரண்டு சொம்புத் தண்ணீர்

சொம்பை அண்ணாந்து ஊற்றிக்கொண்டே, சாமை உடைக்க வந்திருக்கும் என்னைப் பார்த்து இடது கையை உயர்த்துகிறாள் செல்லி. இரு, வருகிறேன் என்று அர்த்தம். ஒரு சொம்பு முடிந்ததும் இன்னொன்று. வெறும் பச்சைத் தண்ணீர்தான். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சாமை உடைக்கும் மெஷினை ஓடவிடுகிறாள்.

புதூர்நாட்டில் மகளிர் குழு நடத்தும் கொட்டகை இது. மெஷினின் வாய் அவள் நெஞ்சு உயரம். முறத்தால் சாமையைச் சரித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதிகம் விழுந்தால் உமி போகாது, குறைந்தால் அரிசி நொறுங்கும். உட்கார்ந்து பார்க்கிற வேலை இல்லை. காலையில் நின்றால் மதியம் வரை நின்ற நிலைதான். செல்லிக்கு நாற்பத்தைந்து வயது, பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்கியதில்லை. ஆனால் வேறு யாராவது ஓட்டும்போதும் சத்தத்தை வைத்தே, "உமி நிக்கிதுடி, நிறுத்து" என்பாள். அள்ளிப் பார்த்தால் அரிசியில் உமி நின்றிருக்கும். "இன்னா பெரிய மெஷினு? அதுவும் மாடு மாதிரிதான். மொகம் பாத்துத் தீனி வெக்கணும்."

அந்த வேலைக்குத்தான் போன மாதம் ஆபத்து வந்தது. வரும் வழியில் பெட்டிக்கடையில் ஒரு பெரிய பாட்டில் ஆரஞ்சு கலர் சோடா வாங்கி, மெஷினைத் தொடுமுன் மடக் மடக்கென்று குடிப்பது அவள் வழக்கம். நிற்கத் தெம்பு வேண்டுமாம். அரை மணியில் கண் இருட்டிச் சரிவாள். குழுத் தலைவி சாந்தம்மாள் ஓடிவந்து இன்னொரு கலரை வாயில் ஊற்றுவாள். படுத்ததில் தெளிந்தவளைக் கலர்தான் தெளியவைத்தது என்று கொட்டகையே நம்பியது. எழுந்து நிற்பாள், மறுபடி சரிவாள். எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றிய கதைதான். ஊற்றியவர்கள் அத்தனை பேரும் பாசக்காரர்கள்.

ஓடும் பெல்ட்டுக்கு ஒரு முழம் தள்ளி அவள் தலை விழுந்த அன்று சாந்தம்மாள் சொல்லிவிட்டாள். "போதும் செல்லி. நாளையிலேர்ந்து நீ புடைக்கிற வேலைக்குப் போய்டு." செல்லி வீட்டுக்குப் போகும்வரை அழுதிருக்கிறாள்.

ஊர்ச் சுகாதார நிலையத்து நர்ஸ் ஆனந்தி அவளை உட்காரவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை பிரஷர் பார்த்தார். ரத்தமும் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை நோயும் இல்லை, சோகையும் இல்லை. காலையில் என்ன குடித்தீர்கள் என்று கேட்டார்.

"கலருதாங்க. தெம்புக்கு."

"அதான்க்கா வினை. அவ்ளோ சர்க்கரை ஒரேயடியா உள்ள போனா ரத்தம் வயித்தாண்ட போய்டும். சிலருக்கு அப்பிடியே நின்னா பிரஷர் எறங்கிடும். நிக்கறதுக்கு முன்னாடி வெறுந்தண்ணி குடிங்க. காலை மாத்தி மாத்தி ஊனுங்க. கண்ணு இருட்டுனா மெஷினை நிறுத்திட்டு உடனே குந்திடுங்க."

சாந்தம்மாளுக்கு இது ஏறவே இல்லை. "தண்ணில இன்னா சத்து கீது?" என்றாள். கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாரம் தவணை வாங்கினாள் செல்லி. அதற்குள் ஒருமுறை சரிந்தாலும் மெஷினை மறந்துவிட வேண்டியதுதான்.

இன்று ஏழாவது நாள். இதுவரை விழவில்லை. விழுந்தால் பிடிக்க, சாந்தம்மாள் காலையிலிருந்து அவள் முதுகுக்குப் பின்னாலேயே கைகளை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். ஒரு மணி நேரம் ஆகிறது, இரண்டு ஆகிறது. சாமை ஒரே சீராகச் சரிகிறது. எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. சாந்தம்மாள்தான் பாவம், இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகத் தொடங்குகிறாள்.

செல்லி திரும்பிப் பார்க்கவில்லை. மெஷினின் வாயிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, அருகில் கிடந்த காலி பெயின்ட் டப்பாவைக் காலால் முக்காலிபோல் கவிழ்த்து, பின்னால் சாந்தம்மாள் பக்கம் தள்ளிவிடுகிறாள்.