இழுத்ததும் அறுந்த உலோகம்

ஆர்.கே.பேட்டையில் விசைத்தறிக் குடும்பத்தில் பிறந்த மணவாளன், திருத்தணிக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் உலோகவியல் ஆசிரியர். அவரைக் கோபக்காரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பிள்ளைகள் தப்பாக விடை சொன்னால்கூடச் சிரித்தபடியே திருத்துவார். ஒரே ஒரு விஷயத்தில்தான் அவருக்குக் கொஞ்சம் கர்வம். சூட்டில் ஜவ்வுமிட்டாய் போல நீளும் உலோகத்தைத் தன் கையாலேயே தயாரிக்கத் தெரியும் என்ற கர்வம்.

துத்தநாகமும் அலுமினியமும் சேர்ந்த கலவை அது. எந்த உலோகத்துக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத மணிகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். இந்தக் கலவையை நன்றாகச் சூடேற்றிச் சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் போட்டால் மணிகள் மிகமிகப் பொடியாகிவிடும். பிறகு மிதமான சூட்டில் நிதானமாக இழுக்கவேண்டும். பொடிமணிகள் ஒன்றையொன்று வழுக்கி இடம் மாற, விரல் நீளத் துண்டு முழ நீளத்துக்கு வரும், அறாது.

ஊர்க்காரர்களும் பெற்றோரும் கல்லூரியைச் சுற்றிப் பார்க்க வரும் நாளில் இதைச் செய்துகாட்டுவதாக மணவாளன் ஏற்றுக்கொண்டார். முந்தின நாள் சாயங்காலம் தனியாக ஒத்திகை பார்த்தார். துண்டுகளை உலையில் வைத்து, சீக்கிரம் ஆகட்டும் என்று சூட்டை அளவுக்கு மேலே ஏற்றினார். அப்போது மனைவி காஞ்சனா போனில் கூப்பிட்டாள். கிருத்திகைக்கு வந்த உறவுக்காரர்கள் மலைக்குக் கிளம்பிக் காத்திருந்தார்கள். உலையை அணைத்துவிட்டு, துண்டுகளை உள்ளேயே விட்டுவிட்டு ஓடினார்.

காலையில் ஆய்வகத்தைத் திறந்த உதவியாளர் புஷ்பலதா கேட்டாள். “சார், நேத்து வெச்ச துண்டெல்லாம் உள்ளயே கீதுங்க. இதையே இழுக்கற மிஷின்ல மாட்டட்டுமா?”

“ஆங், மாட்டுங்க,” என்றார் மணவாளன், சட்டைக்காலரைச் சரிசெய்தபடி.

கூடம் நிரம்பிவிட்டது. காஞ்சனா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மணவாளன் மைக்கை எடுத்தார். “பாத்துகினே இருங்க. இழுக்க இழுக்க வந்துகினே இருக்கும்!”

இயந்திரம் இழுத்தது. துண்டு கொஞ்சம் நீண்டது, நடுவில் இடுப்பு சிறுத்தது, ‘டக்’கென்று அறுந்தது. பின்வரிசையில் யாரோ, “ரப்பர் பேண்டே தேவலாம்பா,” என்றார். கூடமே சிரித்தது.

மைக் இன்னும் கையில்தான் இருந்தது. “புஷ்பலதா! வெச்ச சூட்டை யார் மாத்தினது? ஒரு வேலையாவது ஒழுங்கா செய்ய மாட்டீங்களா?”

அவள் பக்கத்தில் கிடந்த துணியை எடுத்து, அழுக்கே இல்லாத இயந்திரத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

வண்டியில் வீட்டுக்குப் போகும்போது காஞ்சனா கேட்டாள். “அந்தம்மா என்ன தப்பு பண்ணாங்க?”

“சூடு சரியா வெச்சிருக்க மாட்டாங்க.”

“மாட்டாங்களா? அப்ப தெரியாமதான் திட்டினீங்களா?”

அவர் வண்டியின் வேகத்தைக் கூட்டினார்.

மறுநாள் அறுந்த துண்டைத் தேய்த்து மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்தார். பொடிமணிகள் ஒன்றுகூட இல்லை. தடித்த பட்டை பட்டையாகத் தெரிந்தது. மிகுந்த சூட்டிலிருந்து உலைக்குள்ளேயே மெல்ல ஆறினால்தான் அப்படி ஆகும். ஆறவிட்டவர் அவரேதான். காது மடல் எரிந்தது. துண்டைக் குப்பையில் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது என்று ஒரு நிமிடம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக இன்னும் கூசிப்போனார்.

சாயங்காலம் கே.ஜி.கண்டிகையில் புஷ்பலதாவின் வீட்டு வாசலில் போய் நின்றார். நடந்ததைச் சொன்னார். “என் மேலதாம்மா தப்பு. மன்னிச்சிடுங்க.”

அவள் உள்ளே வரச்சொல்லவில்லை. “என் பொண்ணு அங்கதான் சார் மொத வருஷம் படிக்குது. நேத்து கூடத்துலதான் இருந்துச்சி. கூட இருந்த புள்ளைங்க சிரிச்சிதுங்களாம்.” கொஞ்சம் நிறுத்தினாள். “மைக்குல திட்டிட்டு, வாசல்ல வந்து மன்னிப்பு கேக்கறீங்களே சார்.”

தெருவில் ஆட்டோக்காரர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டியைக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே போய்த்தான் கிளப்பினார்.

அடுத்த முறை எல்லா மாணவர்களும் கூடியபோது மணவாளன் மைக்கைக் கேட்டு வாங்கினார். உலையை அணைத்துவிட்டு ஓடியதையும், துண்டைப் பற்றி புஷ்பலதா கேட்டபோது திரும்பிக்கூடப் பார்க்காததையும், எதுவும் தெரியாமல் பழி போட்டதையும் சொன்னார். யாரும் கைதட்டவில்லை. முதல்வர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார். மூன்றாவது வரிசையில் புஷ்பலதாவின் மகள் தலையை நிமிர்த்தி அவரையே பார்த்தாள். அவரால்தான் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

புஷ்பலதா அதற்குள் நூலகத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கியிருந்தாள். திரும்பி வாருங்கள் என்று அவர் அழைக்கவில்லை. புதுத் துண்டுகளைத் தயாரித்து வகுப்பில் இழுத்துக்காட்டினார். நூல் போல மெலிந்து, அறாமல் நீண்டது. பிள்ளைகள் போனில் படம் எடுத்தார்கள். மணவாளன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போதும் நூலகத்துக்குப் போனால் அவளிடம்தான் புத்தகத்தை நீட்டவேண்டும்.

“பொண்ணு எப்படிம்மா படிக்குது?” என்பார்.

“ஆங், படிக்குது சார்,” என்பாள், முத்திரையைக் குத்தியபடி.

புத்தகத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவார்.