குளக்கரை மேடும் ஒற்றைச் செருப்பும்

ரெங்கராஜுக்கு அடுத்தவன் வீட்டுத் தென்னை நன்றாகக் காய்த்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. கேட்டவர்களுக்கு ஓடிப்போய் உதவுவான், யாரைப் பற்றியும் புறம் பேச மாட்டான். ஆனால் பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையனின் பேனாவைப் பார்த்துத் தொடங்கிய அந்த வயிற்றெரிச்சல், தலை நரைத்து, மகள் கல்லூரிக்குப் போன பிறகும் அவனை விட்டபாடில்லை. மச்சினனுக்கு மீசை அடர்த்தியாக வளர்ந்ததற்குக்கூட ஒரு வாரம் அவனிடம் முகம் கொடுத்துப் பேசாதவன்.

பிழைப்புக்கு ஒரு பழைய ஜீப் வைத்திருந்தான். கீரமங்கலத்துப் பக்கம், குளத்துக்கு அந்தண்டை இருக்கிற தோட்டங்களில் மல்லிகை பறிக்கிற பெண்களையும் பூமூட்டைகளையும் ஏற்றிவந்து காலையில் பூச்சந்தையில் இறக்குவது வேலை. அவன் மனைவி ரம்யாவும் பூப்பறிக்கப் போகிறவள்தான். இதே தடத்தில் ஓடிய இன்னொரு ஜீப் சவரியப்பனுடையது. இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே ஆளிடம், ஒரே மாதிரி வண்டியாகப் பார்த்து வாங்கியவர்கள். மாப்பிள்ளை என்றுதான் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வார்கள். இரண்டு வண்டியும் ஒரே லட்சணத்தில் இருந்தவரைக்கும் ரெங்கராஜின் மனசில் ஒரு குறையும் இல்லை.

அந்த லட்சணம் தெரிவது குளக்கரை மேட்டில். தோட்டத்திலிருந்து வருகிற பாதை அங்கே செங்குத்தாகக் கரையேறும். சரளை மண், ஒரு மழை பெய்தால் வழுக்கும். ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் பின் அச்சு முறுக்கிக்கொள்ளும், அதைத் தாங்குகிற வில் பட்டைகள் வளைந்துகொடுத்துவிட்டு வெடுக்கென்று உதறும். சக்கரம் தரையைக் கவ்வாமல் தடதடவென்று துள்ளும். வண்டி ஏறுவதற்குப் பதில் பக்கவாட்டில் நழுவும். அதனால் மேடு வந்தாலே பெண்கள் இறங்கி, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பார்கள். இரண்டு ஜீப்பிலும் இதே கதை என்பதால் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை.

அப்புறம் ஒரு வாரம் சவரியப்பனின் ஜீப்பைக் காணோம். புதுக்கோட்டையில் பிச்சைமுத்து பட்டறையில் நிற்கிறது என்றார்கள். திரும்பி வந்த அன்றைக்கு நல்ல மழை. ரெங்கராஜ் கரைமேல் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அந்த ஜீப் பெண்கள் இறங்காமலே, மூட்டை முடிச்சோடு, ஒரு துள்ளல்கூட இல்லாமல் மேடேறி வந்தது. ஈரச் சரளையைச் சக்கரம் உடும்பு மாதிரிப் பிடித்திருந்தது. சவரியப்பன் சிரித்துக்கொண்டே கையைக் காட்டினான். இவன் காணாதவன் போலப் பீடியைப் பற்ற வைத்தான்.

என்ன செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அவன் பெரிய ஆள் ஆகிவிடுவானே. துள்ளுகிறது என்றால் பட்டை தொய்ந்துவிட்டது, இன்னும் இரண்டு சேர்த்துப் போட்டால் தீர்ந்தது என்று ரெங்கராஜ் தானே முடிவு கட்டினான். ஆலங்குடியில் ஓர் ஆளைப் பிடித்து இரண்டு பக்கமும் பட்டையை அடுக்கினான். ஜீப்பின் பின்பக்கம் கோபித்துக்கொண்ட கிடா மாதிரித் தூக்கிக்கொண்டது. மறுநாள் மேட்டில் போட்ட ஆட்டத்தில் இருளாயி என்கிற அம்மாளுக்கு மேல்கம்பியில் இடித்து நெற்றி புடைத்துவிட்டது. மூட்டை அவிழ்ந்து மல்லிகை முழுக்கச் சேற்றில் விழுந்தது.

அதற்கு அடுத்த நாள் ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லோரும் சவரியப்பன் வண்டியில் ஏறினார்கள். ரம்யா மட்டும் இரண்டு ஜீப்புக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்க. பூவு நசுங்கிப்போனா யாவாரி எடுக்க மாட்டாரு. நான் அங்கிட்டே போயிக்கிறேன்" என்றாள்.

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு அந்த ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்தபோது ரெங்கராஜுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கட்டினவளே ஏறாத வண்டியை வைத்துக்கொண்டு ஊருக்குள் எப்படித் தலைகாட்டுவது? காலி ஜீப்பை ஓட்டிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போனான். மேட்டில் அது தனியாகத் துள்ளியது. என்ன ஆனாலும் ரம்யா மறுபடியும் தன் வண்டியில் ஏற வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே அதன்பிறகு அவனுக்கு இல்லை.

மாதா கோயில் திருவிழாவில் வண்டிகளை மந்திரிப்பார்கள். அந்த வட்டாரத்தில் இந்து, கிறிஸ்தவர் என்று பார்க்காமல் வண்டி வைத்திருக்கிற எல்லோரும் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அன்றைக்குத் தீர்த்தம் தெளித்து முடிந்து கூட்டம் சாப்பாட்டுப் பந்திக்குப் போன சமயம். ரெங்கராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சவரியப்பன் ஜீப்புக்கு அடியில் நுழைந்தான்.

பட்டைகள் கூடவில்லை, குறைந்திருந்தன. ஆனால் எல்லாம் புதுசு. ரப்பர் புஷ் புதுசு, ஷாக் அப்சார்பர் புதுசு. அச்சிலிருந்து முன்பக்கச் சட்டத்துக்கு நீளமாக ஓர் இரும்பு ராடு, பக்கத்துக்கு ஒன்றாகப் பிடித்திருந்தது. அச்சை முறுக்கவிடாமல் அதுதான் இழுத்துப் பிடிக்கிறது என்று பார்த்ததுமே விளங்கிவிட்டது. இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டு கழுத்தைத் திருப்பியவன் அப்படியே கிடந்துவிட்டான். ராடில் கருப்புக் கயிறு கட்டி, திருஷ்டிக்கு ஒரு பழைய செருப்பு தொங்கியது. நீலவார் செருப்பு, வலதுகால். அறுந்த வாரைச் செம்புக்கம்பி கொண்டு தைத்திருந்தது. தைத்தது ரெங்கராஜ்; செருப்பும் அவனுடையதுதான். போன மாதம் காணாமல்போய், நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று ரம்யா சொன்ன அதே செருப்பு.

யார் கண்ணுக்குப் பயமோ அவர்கள் செருப்பையே கட்ட வேண்டும் என்பது அந்தப் பக்கத்துப் பெண்களின் கணக்கு. அது அவனுக்கும் தெரியும்.

"வெளிய வா மாப்ள, மண்ணு அப்புது" என்று சவரியப்பனின் குரல் கேட்டது. சாப்பிட்ட கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு நின்றான். "கேட்டிருந்தா சொல்லிருப்பேன்ல. கேப்ப கேப்பன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன். செருப்பு சமாச்சாரம் நான் செஞ்சதில்ல. எங்க வீட்டுக்காரி ஷர்லி கேட்டா, தங்கச்சி ரம்யா குடுத்துருச்சு."

ரெங்கராஜுக்குச் சண்டை போடத்தான் ஆசை. அடுத்தவன் வண்டி அடியில் கிடந்து பிடிபட்டவன் என்ன சண்டை போடுவது? எழுந்து முதுகைத் தட்டிவிட்டுக்கொண்டு, பட்டறைக்கு எப்போது போகலாம் என்று மட்டும் கேட்டான். சவரியப்பனே கூட வந்தான். பிச்சைமுத்து முதல் வேலையாக, சேர்த்த பட்டைகளைக் கழற்றி வீசினார். பிறகு அதே ராடு, அதே புஷ் எல்லாம் இந்த ஜீப்புக்கும் ஏறின.

மழை விட்டிருந்த ஒரு காலையில் ரம்யா முன்சீட்டில் உட்கார, பாதிப் பெண்கள் பின்னால் உட்கார, ரெங்கராஜின் ஜீப் துள்ளாமல் மேடேறியது. கரைமேல் நின்ற சவரியப்பன் கை தட்டினான். ரெங்கராஜ் வண்டியை நிறுத்தி அவன் முகத்தை உற்று உற்றுப் பார்த்தான். கடுகளவு எரிச்சலாவது தெரியாதா என்று தேடினான். ஒன்றும் இல்லை, மனுஷன் நிஜமாகவே சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தான். இப்படி ஒரு மனசு இவனுக்கு எங்கிருந்து வந்தது என்று ரெங்கராஜுக்கு அதுவும் பொறாமையாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும், ஷர்லியிடமிருந்து சவரியப்பனின் பழைய செருப்பு ஒன்று வாங்கிவரும்படி ரம்யாவிடம் சொன்னான். சவரியப்பனுக்கென்ன பொறாமை, ஷர்லியிடம் போய் எப்படிக் கேட்பது என்று அவள் மறுத்துவிட்டாள். வேறு யார் செருப்பைக் கட்டலாம் என்று ஊரையே மனசுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவந்தான். இருளாயி? பிச்சைமுத்து? மீசைக்கார மச்சினன்? ஒருத்தரும் தேறவில்லை.

கடைசியில் கொல்லைப் பக்கம் போய், மிஞ்சிக் கிடந்த நீலவார்ச் செருப்பை, இடதுகாலை, எடுத்துவந்து ஜீப்புக்கு அடியில் கட்டினான். ரம்யா குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, ஒங்க வண்டிக்கு ஒங்க செருப்பேவா?"

"வேற யாரு கண்ணு இருக்கு இந்த ஊருல" என்றான் ரெங்கராஜ். முடிச்சு அவிழ்ந்துவிடாமல் இன்னொரு தடவை இறுக்கிவிட்டு வெளியே வந்தான்.