வென்றான் என்று யாரும் இல்லை

இன்று காலை, நான் புக்கிங் புரோகிராம் எழுதிக் கொடுத்த கோவில்பட்டி பார்சல் ஆபீசுக்குப் போனேன்.

"வென்றான்னு ஒருத்தருக்குப் பத்து நாளா பார்சல் கெடக்கு அண்ணாச்சி. ஆளு வரவே இல்ல" என்றார் கிளார்க்.

கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையைப் பார்த்தேன். எப்போதும்வென்றான் என்ற ஊர்ப் பெயர் வரியில் அடங்காமல் உடைந்திருந்தது. பின்பாதி கீழ் வரியில் விழுந்து, அங்கிருந்த ஆளின் பெயரையும் போன் நம்பரையும் மறைத்திருந்தது.

புரோகிராமில் ஊர்ப் பெயரின் நீளத்துக்கு நான் வைத்திருந்த எண்ணைக் கூட்டினேன். எல்லாம் தெரிந்தது. கிளார்க் போன் போட்டார்.

"மாட்டு மருந்துதான? மாடு போன வாரமே செத்துப்போச்சு. நீங்களே வச்சிக்கிடுங்க" என்றார் அந்த மனிதர்.

கிளார்க் போனை வைத்தார். "இப்ப நல்லாத் தெரியுது அண்ணாச்சி."

உங்கள் ஊர்ப் பெயரில் எத்தனை எழுத்து? இப்போதே சொல்லிவிடுங்கள்.