கேஸ் ஷீட்டில் ஏறாத மாத்திரை

கைலாசபுரத்தில் வேலை பார்க்கும் என் கணவருக்கு ஆஸ்துமா. அதற்காக வருஷக்கணக்கில் சாப்பிட்ட ஸ்டீராய்டு மாத்திரையால்தான் சர்க்கரை வந்து கண்ணும் மங்கியது என்று திருச்சி கண் டாக்டர் சொன்னார். மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தவும் வைத்தார்.

இதைப் பதியச் சொல்லி, இவர் வழக்கமாகக் காட்டும் ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு குமாஸ்தாவிடம் கேட்டேன். "ஒவ்வொரு நோய்க்கும் ஒரு நம்பர் இருக்கு. சர்க்கரை, கண் பாதிப்புன்னு நம்பர் போட்டாச்சுங்க. மாத்திரையால வந்ததுன்னு போட இங்க நம்பர் இல்லைங்க" என்றார்.

அதன்பின் போன இடமெல்லாம், "வீட்டுல ஸ்வீட்டைக் குறைங்கம்மா" என்று எனக்குத்தான் புத்தி சொன்னார்கள். இவர் காபிக்கே சர்க்கரை போடாதவர். எரிச்சலோடு நான் வாயைத் திறந்தால், ஒரு டாக்டரிடம் இன்னொரு டாக்டர் கொடுத்த மருந்தைக் குறை சொல்வது மரியாதை இல்லை என்று இவர் ஜாடை காட்டுவார். அடங்கிவிடுவேன்.

மறுபடி மூச்சுத்திணறல் வந்தபோது, அதே ஆஸ்பத்திரியில் ஒரு புது டாக்டர் கேஸ் ஷீட்டைப் பார்த்துவிட்டு அதே மாத்திரையை எழுத ஆரம்பித்தார். இவர் ஜாடை காட்டினார். நான் அடங்கவில்லை.

"இந்த மாத்திரையாலதாங்க இவருக்குக் கண்ணு கெட்டுச்சு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இதை ஏம்மா யாருமே எழுதல?"

இப்போதெல்லாம் எந்த டாக்டரிடம் போனாலும், நாற்காலியில் உட்காரும் முன்பே அந்த மாத்திரையின் பெயரைச் சொல்லிவிடுகிறேன். இவர் இன்னமும் ஜாடை காட்டுகிறார். நான் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.